தாய்வழிப் பொருத்தம்

சுடலைமுத்து மருத்துவமனைக்குள் நுழைந்த தோரணையைப் பார்த்தவர்கள், கல்யாண மண்டபம் என்று நினைத்து வழி தவறி வந்துவிட்டார் என்றே எண்ணியிருப்பார்கள். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு பட்டுச் சேலை. தங்கை மகள் நாச்சியாருக்கு அவர் மைட்டோ கொடுக்க வந்திருந்தார். தாய்மாமன் வெறுங்கையோடு வந்து கொடுத்தால் சீருக்கு என்ன மரியாதை?

"மொத உரிமை எனக்குத்தான் டாக்டரம்மா," என்றார். "இவளுக்கு என் மடியில வச்சுத்தான் காது குத்துனாக. சடங்கு ஆனப்ப குச்சு கட்டுனது நான். இதையும் நான்தான் செய்வேன். வேற யார்கிட்ட எடுத்தாலும் எனக்குத் தலைகுனிவு."

ரத்தம் ஏற்றுவதைப் போல மைட்டோ ஏற்றுவதும் வந்துவிட்ட காலம் அது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் கிடக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள்தாம் நாம் தின்ற சோற்றைத் தெம்பாக மாற்றுகின்றன என்பது எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை எழுதி, மறந்த விஷயம். ஒருவர் தசையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து இன்னொருவர் உடம்பில் செலுத்தலாம் என்று ஆனபிறகு பெயரும் சுருங்கிவிட்டது. டீக்கடை பெஞ்சில்கூட மைட்டோ பேச்சு அடிபட்டது.

டாக்டர் ரெஜினா தாம்பாளத்தையும் பார்த்தார், கணினித் திரையையும் பார்த்தார். சொல்லத்தான் வேண்டும்.

"ஐயா, உங்க கிட்ட எடுக்க முடியாது."

"ஏன், சுகர் இருக்குன்னா? மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அது இல்லீங்க. மைட்டோ அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். கருமுட்டையோட வர்றது. உங்களுக்கு உங்க அம்மாவோடது. உங்க தங்கச்சிக்கும் அதேதான். அவங்க கிட்ட இருந்து நாச்சியாருக்கு. அவளுக்கு இருக்கிற பழுதும் அந்த வழியிலதான் வந்திருக்கு. உங்ககிட்டயும் இருக்கு. கொஞ்சமா இருக்கறதால தெரியல."

சுடலைமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப என் பிள்ளைகளுக்கு?" என்றார்.

"உங்க பிள்ளைகளுக்கு அவங்க அம்மாவோட மைட்டோ. ஆம்பளையோடது அடுத்த தலைமுறைக்குப் போறதில்ல."

நிம்மதிப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவர் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயிரம் வருஷமாகச் சீர் சுமந்து வந்த தாய்மாமன், கடைசியில் தன்னோடு நின்றுபோகிற ஆள் என்று தெரிந்தால் பாவம், யாருக்குத்தான் ஆறும்.

நாச்சியாரின் அம்மா பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப நான்தான் என் பிள்ளைக்கு இந்த நோவக் கொடுத்தேனா?"

"மதினி, சும்மா இருங்க," என்றாள் சண்முகக்கனி. "நீங்க என்ன கடையில பாத்து வாங்கியா கொடுத்தீக?"

சண்முகக்கனி நாச்சியாரின் அத்தை. நாச்சியாரின் இறந்துபோன அப்பாவுக்கு ஒரே தங்கை. கோவில்பட்டிக்கு வெளியே இருக்கும் துணை மின்நிலையத்தில் உதவிப் பொறியாளர். எதையும் ஒருதரம் கேட்பாள், கேட்ட பிறகு முடிவெடுப்பாள், எடுத்தபின் யார் சொன்னாலும் மாற மாட்டாள். இந்தக் குணத்தைப் புகுந்த வீட்டில் திமிர் என்றும், அலுவலகத்தில் பொறுப்பு என்றும் சொன்னார்கள்.

"வேற யார்கிட்ட எடுக்கலாம்?" என்று கேட்டாள்.

"யார்கிட்ட வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா தங்காது. மைட்டோ ஓடுறதுக்கு வேண்டிய சாமான்ல முக்கால்வாசி அதுக்குள்ளயே இல்ல. செல்லோட உட்கருதான் செஞ்சு அனுப்பணும். ரெண்டும் ஒத்துப்போகலேன்னா செல் அதைக் குப்பைன்னு முடிவு பண்ணிடும். லைசோசோம்னு ஒண்ணு உள்ளயே இருக்கு, அதுக்கு வேலையே குப்பையைத் தின்னுறதுதான். ரெண்டு பேரோட மைட்டோவை ஏத்திப் பாத்தோம். ரெண்டையும் தின்னுடுச்சு."

"எங்க ஸ்டேஷன்லயும் அப்படித்தான். வோல்டேஜ் ஒத்துவராத டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து மாட்டுனா சிஸ்டம் துண்டிச்சிரும்."

"அதேதான். நாச்சியாரோட உட்கருல பாதி அவ அப்பாவோடது. அந்தப் பாதியோட தலைமுறை தலைமுறையா ஒத்துப்போன மைட்டோ அவங்க அப்பாவோட அம்மாவுடையது. அவர் இருந்திருந்தா அவர்கிட்டயே எடுத்திருக்கலாம். இப்ப அது உயிரோட இருக்கறது உங்ககிட்டயும், உங்க வழியா உங்க பையன்கிட்டயும்தான். கல்யாணம் ஆகாதவங்ககிட்ட நாங்க எடுக்கறதில்ல."

"எடுத்துக்கிடுங்க," என்றாள் சண்முகக்கனி, தண்ணீர் கேட்டவருக்குச் சொம்பை நீட்டுவது போல.

"அவசரப்படாதீங்க. எடுத்தா உங்க தெம்புல ஒரு பங்கு திரும்பி வராது. அது ஒண்ணு. இன்னொண்ணு..." டாக்டர் தயங்கினார். "உங்க பையனுக்கும் இவளுக்கும் நிச்சயம் ஆயிருக்குன்னு சொன்னாங்க."

"தை மாசம் பூ வச்சோம்."

"சொந்தத்துல கட்டுறதையே நான் வேண்டாம்னு சொல்ற ஆள். அது கிடக்கட்டும். உங்க மைட்டோவை ஏத்திக்கிட்டா, சட்டப்படி இவ உங்க மக. உங்க பையனுக்குத் தங்கச்சி."

*

அந்தச் சட்டத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. கருமுட்டை தானம் ஊர் ஊராகப் பெருகி, கொடுத்தவர் யாரென்று தெரியாமலே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, ஒரே தாய் வயிற்றுக் கருமுட்டையில் வந்த அண்ணனும் தங்கையும் தெரியாமல் தாலி கட்டிக்கொண்ட செய்திகள் வந்தபோது நாடே பதறியது. உடனே தாய்வழிச் சட்டம் வந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்யுமுன் இருவருடைய எச்சிலையும் ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள். இருவர் மைட்டோவும் ஒன்றாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை. மைட்டோ மருந்தாக ஏறினாலும் ஏற்றிக்கொண்டவள் வழியாக அது பிள்ளைகளுக்குப் போகும் என்பதால், கொடுத்தவளும் தாய்தான் என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டார்கள். அத்தை மகனைக் கட்டுகிற வழக்கமுள்ள ஊர் ஒன்று இருக்கிறது என்று அதை எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாச்சியார் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நின்றாள் என்பது பேச்சுக்குத்தான். அப்போது அவளால் நிற்கவே முடியவில்லை. மாவட்ட ஹாக்கி அணியில் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டே இருந்தவள். முதலில் கால் தளர்ந்தது, பிறகு கண் இமை தொங்கியது, இப்போது இதயமும் சோர ஆரம்பித்திருந்தது.

"லோடு ஷெட்டிங்," என்றாள் சண்முகக்கனி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. "கரண்ட் பத்தலைன்னா நாங்க மொதல்ல வெளியூர் லைன நிறுத்துவோம். அப்புறம் தெரு விளக்கு. கடைசியாத்தான் ஆஸ்பத்திரி. உன் உடம்பு இப்ப ஆஸ்பத்திரி லைன்ல கை வைக்குது. புரியுதா?"

"புரியுது அத்தை. ஆனா நான் பொழைச்சு எந்திரிச்சு அவுகள அண்ணன்னு கூப்பிடணுமா? அவுக வேற ஒருத்திய கட்டி, நான் நாத்தனாரா நின்னு ஆரத்தி எடுக்கணுமா?"

"கூப்பிட வேண்டாம்."

"சட்டம் இருக்கே."

"கல்யாணம் நடக்கும். நான் நடத்துறேன். எப்படின்னு இப்பக் கேக்காத."

நாச்சியார் தொங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். சமாதானத்துக்குச் சொல்கிறாளா என்று தேடினாள். சண்முகக்கனி யாரையும் சமாதானம் செய்ததாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை.

"சத்தியமா?"

"நான் வாய்தா கேக்குற ஆளா? நாளைக்கு எடுக்கச் சொல்லிட்டேன்."

சண்முகக்கனிக்கு அந்தத் துணிச்சல் சும்மா வரவில்லை. அவளுக்குள் ஒரு சங்கதி இருந்தது. கணவர் ஆவுடையப்பனுக்கும் அவளுக்கும், இப்போது உயிரோடு இல்லாத ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. மாமியார் தெருவில் நின்று மலடி என்று சொல்லுகிற அளவுக்குப் போய்விட்டது. மதுரையில் ஒரு டாக்டர், உன் கருமுட்டைகள் தேறாது, தானமாக வந்ததை வைப்போம் என்றார். சண்முகக்கனி, என்னுடையதையும் ஒன்று வையுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அது தங்காதும்மா என்றார். வைத்துத்தான் பாருங்களேன் என்றாள். அவள் வாயை மூடுவதற்காக இரண்டையும் வைத்தார். ஒன்று தங்கியது. எது தங்கியது என்று யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க என்ன இருக்கிறது? அப்படிப் பிறந்தவன்தான் சேந்தன். பால் கொடுத்தபோதும், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தபோதும், அவன் முதல் மார்க் வாங்கியபோதும், இவன் என் வயிற்றில் தங்கியிருந்தவன்தானே தவிர என்னிலிருந்து வந்தவன் இல்லை என்ற நினைப்பு எங்கிருந்தாவது எட்டிப் பார்க்கும். அவள் அதை விரட்டுவாள். அது திரும்ப வரும்.

இப்போது அந்த நினைப்புதான் கைகொடுத்தது. நாச்சியாருக்குள் அவளுடைய மைட்டோ. சேந்தனுக்குள் முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் மைட்டோ. பெட்டியில் வைத்தால் பச்சை விளக்குத்தான் எரியும்.

*

எடுத்தார்கள். பல தடவையாக எடுத்தார்கள். தொடையிலிருந்து கீற்றுக் கீற்றாகத் தசையை வெட்டி, மைட்டோவைப் பிரித்து, பெருக்கி, நாச்சியாருக்கு ஏற்றினார்கள். அவள் செல்கள் அதைத் தின்னவில்லை. பழுதான மைட்டோ ஒதுங்க ஒதுங்க, புதியது பெருகிக்கொண்டே வந்தது. வைகாசியில் இமை தூக்கியது. ஆடியில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐப்பசி அடைமழையில் குடையில்லாமல் வாசலுக்கு ஓடி, காயப்போட்ட துணியை எடுத்து வந்தாள். பாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, நனைந்த துணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சண்முகக்கனிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மின்நிலையத்தில் கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும் நிற்கும் சுவிட்ச்யார்டைச் சுற்றி வர முன்பு அவளோடு நடக்க இளவட்டங்கள் திணறுவார்கள். இப்போது பாதி வழியில் நின்று, ஏதோ யோசிப்பது போல மேலே கம்பிகளைப் பார்ப்பாள். இதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்படவில்லை. கொடுத்தது சரியான இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

"பதிவுக்கு முன்னாடி சேந்தன்கிட்ட சொல்லிரணும்," என்றாள் ஒருநாள் காலை, கணவரிடம்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரான ஆவுடையப்பன் செய்தித்தாளை இறக்கினார். "சொல்லாத கனி. இத்தன வருசம் மூடி வச்சது."

"பச்சை எரிஞ்சா ஊரே ஏன்னு கேக்கும். அவன் அதை ஊர் வாயால கேக்கணுமா?"

"கல்யாணம் வேண்டாம்னு விட்டுருவோம். பிள்ளை பொழைச்சுக்கிட்டா. அது போதும்."

"அவளுக்கு வாக்குக் கொடுத்துருக்கேன்."

"உனக்கு உன் மகனை விட வாக்கு பெருசா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். மத்தியானம் சேந்தன் வழக்கம்போல அவளுக்குச் சாப்பாடு கொண்டு வந்தான். தீப்பெட்டி ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். கையில் எப்போதும் தீக்குச்சி மருந்து வாடை. கட்டுப்பாட்டு அறையில் மீட்டர்களின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"சேந்தா, நீ என் வயித்துல வளந்தவன். ஆனா நீ உருவான கருமுட்டை என்னோடது இல்ல. தானமா வாங்குனது. அதனால உனக்கும் நாச்சிக்கும் மைட்டோ ஒண்ணா இருக்காது. பயப்படாம பதியலாம்."

சேந்தன் டிபன் பாத்திரத்தின் மூடியைத் திறந்தபடியே கேட்டான். திறந்து முடித்து, மூடியைக் கீழே வைத்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாச்சிக்கு?"

"மொதல்ல உனக்கு."

"இத்தன வருசம் ஏம்மா சொல்லல?"

"உங்க ஆச்சி என்னைய மலடின்னு சொன்ன வாய் மூடுனது நீ பொறந்தப்பதான். அது திரும்பத் தெறக்கக் கூடாதுன்னு மொதல்ல நெனச்சேன். நீ வளர வளர, தெரிஞ்சா எங்கிட்ட இருந்து போயிருவியோன்னு பயம்."

"எங்க போவேன்?" அவன் குரலில் கோபம் இருந்தது. "சாப்புடுங்க. ஆறுது."

அந்த வாரம் முழுக்க அவளோடு அளந்துதான் பேசினான். சண்முகக்கனி விட்டுப் பிடித்தாள். பிடிக்க முடியுமா என்று தெரியாமல்தான் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படிக்கு வந்து, "அந்த அம்மா யாருன்னு தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது, சொல்ல மாட்டார்கள் என்றாள். தலையாட்டினான். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பதிவுக்கு எப்பப் போகணும்?" என்றான். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

*

பதிவு அலுவலகத்தில் அந்தப் பெட்டி மிக்சி அளவுக்குத்தான் இருந்தது. நாச்சியார் பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். சேந்தனின் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சுடலைமுத்து தாம்பாளத்தோடு வந்திருந்தார். இந்தத் தடவையாவது யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. இருவரும் பஞ்சை வாயில் சுழற்றிக் கொடுத்தார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒரே தாய்வழி," என்றார் பதிவாளர், பரிதாபமாகவே. "நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது. பதிய முடியாதுங்க."

"இன்னொரு தடவை பாருங்க," என்றான் சேந்தன்.

இன்னொரு தடவை பார்த்தார். மறுபடியும் சிவப்பு.

நாச்சியார் கல்லாக நின்றாள். பாக்கியம் ஏதோ கேட்டாள், சுடலைமுத்து ஏதோ சொன்னார். சண்முகக்கனிக்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் தலைக்குள் ஒன்றே ஒன்று ஓடியது. நாச்சியாருக்குள் இருப்பது என்னுடையது. அதுவும் இவனுடையதும் ஒன்று என்றால், இவனுக்குள் இருப்பதும் என்னுடையது. தங்காது என்று சொன்ன அந்த ஒன்றுதான் தங்கியிருக்கிறது. இவன் என் பிள்ளை. வயிற்றில் மட்டும் வளர்ந்த பிள்ளை இல்லை. கருவிலிருந்தே என் பிள்ளை. இருபத்தாறு வருஷமாக விரட்டிக்கொண்டிருந்த நினைப்பு ஒரு நொடியில் செத்து விழுந்தது. அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அவனை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்போது நாச்சியார் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள். "நடத்துறேன்னு சொன்னீகளே அத்தை," என்றாள். குற்றம் சாட்டவில்லை. தெரியாததைக் கேட்பது போலக் கேட்டாள்.

சண்முகக்கனி தன் சந்தோஷத்தை நினைத்துக் கூசிப்போனாள். ஆனாலும் அது போகவில்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

வெளியே வேப்பமரத்து நிழலில் சேந்தன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அப்ப நீங்கதான்," என்றான், மெல்ல. அவன் முகத்திலும் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே ஏதோ ஒன்று இருந்தது. அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். வேறெதையும் அவளால் செய்ய முடியவில்லை.

மறுநாளே டாக்டர் ரெஜினாவிடம் போய், இரண்டு கரு வைத்த பழைய சங்கதியைச் சொன்னாள். மேல்முறையீடு உண்டா என்று கேட்டாள்.

"உண்டு. நாச்சியார் உங்க மகள்ங்கறதை மாத்த முடியாது. அது சட்டத்துல எழுதியிருக்கு. சேந்தன் உங்க கருமுட்டையில பிறந்தவர் இல்லைன்னு காட்டினா விட்டுடுவாங்க."

"பெட்டி ஒண்ணுன்னு சொல்லிருச்சே."

"உங்க மைட்டோ வகை இந்தப் பக்கத்துல நிறைய குடும்பத்துல இருக்கு. தானம் கொடுத்த பொண்ணும் இந்தப் பக்கத்துப் பொண்ணா இருந்தா, தற்செயலா ஒத்துப்போகலாம். நான் எழுதித் தரேன். அந்த வாதம் நிக்கும்." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியும் இருக்கலாம்ங்கறது நிஜம்தான். உங்களுக்கு உண்மை எதுன்னு தெரியணும்னா உட்கருவைச் சோதிக்கணும். ஆனா அதுல நீங்கதான் தாய்னு வந்துட்டா, அப்புறம் இவங்க கல்யாணம் எந்தக் காலத்துலயும் நடக்காது."

"எழுதிக் கொடுங்க," என்றாள் சண்முகக்கனி.

இதைக் கேட்டதும் சேந்தன் மறுத்தான். நாச்சியாரும் மறுத்தாள், "நான் மகளாவே இருந்துக்கிடுதேன் அத்தை, அவுகள மகன் இல்லன்னு விட்டுக் கொடுக்காதீங்க," என்றாள். சண்முகக்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தியின் செல்லெல்லாம் ஓடுவது தன் தெம்பு. ஒருவன் தன் ரத்தம். இரண்டு பேரையும் பிரித்துவிட்டுத் தாய் என்று பேர் வாங்கி எந்தச் சுவரில் மாட்டுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"முடிவு பண்ணியாச்சு," என்றாள்.

*

மேல்முறையீட்டு அலுவலர் சண்முகக்கனி வயதுக்காரப் பெண். பொறுமையாகக் கேட்டார். சேந்தனும் நாச்சியாரும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன் வரவில்லை, வாசல் வரை வந்துவிட்டு, கால் வரவில்லை என்று திரும்பிப் போய்விட்டார்.

"ரெண்டு கரு வச்சாங்க. ஒண்ணு உங்களோடது, ஒண்ணு தானம். எது தங்குச்சு?"

"தானமா வந்ததுதான். என்னோடது தங்காதுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு."

"பெட்டி வேற சொல்லுது."

"எங்க பக்கம் நெறைய பேருக்கு இந்த வகைதான் மேடம். டாக்டர் ரெஜினா எழுதியிருக்காக."

"படிச்சேன். இருக்கலாம்." அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "இதுக்குச் சுலபமான வழி ஒண்ணு இருக்கும்மா. உட்கரு சோதனை. பக்கத்து அறையிலயே மிஷின் இருக்கு. விரல்ல ஒரு சொட்டு ரத்தம். ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, இவர் உங்க பிள்ளையா இல்லையான்னு சந்தேகமே இல்லாம சொல்லிடும். செய்யலாமா?"

சண்முகக்கனி தன் கையைப் பார்த்தாள். ஒரு சொட்டு. அவளுக்கு அது வேண்டியிருந்தது. பசிக்கிறவருக்குச் சோறு வேண்டியிருப்பது போல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, தெரிந்துகொண்டு, செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. சேந்தன் எழுந்திருக்கிறான் என்று திரும்பாமலே தெரிந்தது.

"அம்மா, கேட்டுருங்க," என்றான்.

"உக்காருப்பா," என்றாள். பிறகு அலுவலரிடம், "வேண்டாம்," என்றாள்.

"ஏன்னு கேக்கலாமா?"

"எனக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சத எதுக்குச் சோதிக்கணும்?"

அலுவலர் அவளையே பார்த்தார். எதைத் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று சண்முகக்கனிக்கே தெரியாது.

"சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியாது, உங்க வாக்குமூலத்தையே எடுத்துக்கலாம். ஆனா இப்ப மறுத்தா இனி எப்பவும் நீங்க இந்தச் சோதனையைக் கேக்க முடியாது. அவரும் கேக்க முடியாது. இவர் உங்க கருமுட்டையில பிறந்தவர் இல்லைன்னே பதிவுல நிக்கும். உங்க காலத்துக்கு அப்புறமும் நிக்கும். சம்மதமா?"

"சம்மதம்."

"உறுதியா?"

"எழுதிக்கிடுங்க."

அலுவலர் தட்டச்சு செய்தார். கடைசி விசையைத் தட்டியதும் திரையைத் திருப்பி அவளிடம் காட்டினார். சண்முகக்கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தாள்; தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். கட்டைவிரலைத் திரையில் வைத்து அழுத்தினாள். நாச்சியார் பின்னால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான். பதிவுக்குத் தடை இல்லை." அலுவலர் நிமிர்ந்தார். "உங்க மகன் வந்து..." என்று தொடங்கியவர் நிறுத்தி, திரையை ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொண்டார். "மணமகன் வந்து கையெழுத்துப் போடட்டும்."

சண்முகக்கனி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை அவன் உட்கார வசதியாகத் தள்ளி வைத்தாள்.